நிலமளந்த லாம்ப்டன்

செஞ்சிச் சாலை வழியே திருவண்ணாமலைக்குச் செல்வோர்க்கு, ஏறக்குறைய 2,600 அடி உயர்ந்த அம்மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோற் தோன்றும். நடக்க நடக்க வழியோ நீண்டுகொண்டே போகும். மழை பெய்து தெளிந்த நாளில் மலை அண்மையிலும், மூடுபனியிற் சேய்மையிலும் காணப்படும். கண்ணளவின் இப்பிழையை நன்கறிந்தோர் மாலுமிகள். ஆதலின் அவர்கள் கரைக்குன்றொன்றைக் கப்பல் செல்லுந் திசைக்கு 45 பாகையில் ஒருமுறையும், 90 பாகையில் மறுமுறையும் நோக்குவர். இடையிற் கப்பல் ஓடிய தூரம் எவ்வளவோ, அவ்வளவே அப்பொழுது குன்றின் தூரமாம்.

ஓர் அடிக்கோடும் கோணங்களுங் கொண்டு தூரமறியும் இவ்வழியை நம் நாட்டில் நிலத்தின்மேற் பேரளவில் நிகழ்த்தியவர் வில்லியம் லாம்ப்டன் என்பார். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் எளிய குடியிற் பிறந்த இவர், படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார். ஆங்கு ஒரு சூரிய கிரகணத்தைக் காப்பின்றி நோக்கியதால் இடக்கண்ணின் பார்வை கெட்டது. நம் இருகண்களின் இடைவெளியே இயற்கை நமக்களித்த சிறு அடிக்கோடு. அதனை இழந்த இவர், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிற் பரங்கிமலையருகே, நூறடிச் சங்கிலிகொண்டு ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றை அளந்தார். அதனின்று முக்கோணத்தோடு முக்கோணம் தொடுத்து மேல்கடற்கரை வரை சென்றார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 360 மைலே என்றும், முன்னைய படங்கள் அதனை 40 மைல் கூட்டிக் காட்டின என்றும் அப்பொழுதே வெளியாயிற்று.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி, அதன் வட்டம் கோணிற்று. லாம்ப்டன் மனமுடைந்தாரல்லர். கூடாரத்துள் அடைந்திருந்து, ஆறு வாரம் உழைத்து, மயிரிழை மயிரிழையாக அவ்வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். சிறு கோணல்தானே என்று விட்டிருப்பாராயின், அப்பிழை அடுத்தடுத்த முக்கோணங்களிலெல்லாம் புகுந்து பெருகியிருக்கும்.

1823-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அளவைப் பணியிலேயே வடக்கு நோக்கிச் செல்லுங்கால், ஹிங்கன்காட் என்னுமூரில் இவர் உயிர் நீத்தார். இவருடைய துணைவராயிருந்த எவரெஸ்ட் அப்பணியைத் தொடர்ந்து நடத்தினார். உலகின் மிகவுயர்ந்த சிகரம் 1865-இல் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்ப்டனின் பெயரை அறிந்தோர் சிலரே.

தம் கண்ணின் குறையை அறிந்தவர் அளந்து துணிந்தார். குறையற்ற இருகண்ணுடைய நாமோ பலவற்றைக் கண்டவுடனே துணிந்துவிடுகின்றோம். திருவண்ணாமலையை அடுத்தமுறை தொலைவினின்று காணுங்கால், இதனைச் சற்றே நினைவோமாக.