செம்பியன் மாதேவியார்

காவிரி பாயும் சோழ நாட்டில் நெல்லுக்குக் குறைவில்லை, கல்லுக்கோ பெருங்குறை. வண்டல் படிந்த அச்சமவெளியில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. ஆகவே, நாயன்மார் பாடிய திருக்கோயில்கள் பல நெடுங்காலம் செங்கல்லாலும் மரத்தாலுமே அமைந்திருந்தன. மழையும் வெயிலும் அவற்றைச் சிதைத்தன. அவற்றுட் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர் ஓர் அரசியார். அவரே செம்பியன் மாதேவியார்.

மழவர் குடியிற் பிறந்த அம்மையார், முதற் பராந்தக சோழரின் மைந்தராகிய கண்டராதித்தரை மணந்தார். கண்டராதித்தர் முடியால் மன்னர், உள்ளத்தால் சிவனடியார். தில்லைப் பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது.

கி.பி. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் பட்டத்து இளவரசர் இராசாதித்தர் வீழ்ந்தார். சோழர் தொண்டை நாட்டை இழந்தனர். இந்நெருக்கடிக் காலத்தில் ஆண்ட கண்டராதித்தரும் 957 அளவில் மறைந்தார். அப்பொழுது அவர் மைந்தர் மதுராந்தகர் இளங்குழந்தை. நாடோ வலிய தலைமையை வேண்டி நின்றது. எனவே அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மைந்தர் சுந்தர சோழருக்கும் சென்றது. கணவரை இழந்த அம்மையார் தம் மகனுக்கு முடியுரிமை வாய்க்காத ஆண்டுகளையும் காண நேர்ந்தது.

970 அளவில் மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயருடன் முடிசூடினார். அரசரின் அன்னையார் என்னும் உயர்நிலை எய்திய அம்மையார், அந்நிலையைத் திருப்பணிக்கே பயன்படுத்தினார். திருநல்லம், ஆடுதுறை, திருக்கோடிக்கா, விருத்தாசலம், திருவாரூர் அறநெறி முதலிய தலங்களில் கற்றளிகள் எழுந்தன. தொலைவிலிருந்து கற்கள் கொணரப்பட்டன. திருவிளக்கிற்கும் திருவமுதிற்கும் நிலங்கள் விடப்பட்டன. ஆடவல்லானின் திருவுருவைக் கருவறைப் புறச்சுவர் மாடத்தில் அமைக்கும் வழக்கமும் இக்கோயில்களில் சிறந்தது.

இக்காலத்தில் கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்துக் கோயிலை அம்மையார் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் காட்சி கல்லில் வடிக்கப்பட்டுள்ளது. கோயிலைக் கட்டிய தலைவரின் உருவமும் பெயரும் அச்சுவரிலேயே இடம்பெற்றுள்ளன. உழைத்தவரை மறவாத உள்ளம் அது.

திருக்கோடிக்காவில் அம்மையாரின் பணி மற்றொரு வகையிற் சிறந்தது. பழைய கோயிலைப் பிரித்தபோது, முன்னோர் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் சிதறிக் கிடந்தன. அவை அழிந்தால் அக்கொடைகளுக்குச் சான்றே இல்லாது போகும். ஆகவே அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறித்தனர். அவை பழங்கற்களின் படிகள் என்பதையும் குறித்து வைத்தனர். பல்லவர் காலத்துச் செய்திகளும் இதனால் உயிர்பிழைத்தன. புதியது ஆக்குவோர் பழையதை அழித்துத் தம் பெயரை மட்டும் நிறுத்துதல் எளிது. அம்மையார் அதனைச் செய்யவில்லை.

985இல் முதல் இராசராசர் அரியணை ஏறியபின்னும் அம்மையாரின் அறப்பணி தொடர்ந்தது. நாகைக்கு அருகில் அம்மையார் பெயரால் செம்பியன் மாதேவி என்னும் ஊர் விளங்குகிறது. அவ்வூர்க் கோயிலில் அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாட, உத்தம சோழரின் தேவியர் கொடை அளித்தனர். அவர் மறைந்தபின், 1019 அளவில் முதல் இராசேந்திரர் காலத்தில், அவருடைய திருவுருவமும் அங்கே எழுந்தருளுவிக்கப்பட்டது.

அம்மையார் நாடுகளை வென்றவர் அல்லர். அரியணையில் அமர்ந்து ஆண்டவரும் அல்லர். ஆயினும் அவர் எழுப்பிய கற்றளிகளில் இன்றும் வழிபாடு நிகழ்கின்றது. அவர் காத்த எழுத்துகளை இன்றும் அறிஞர் கற்கின்றனர்.