ஸ்ரீபெரும்புதூர் மண்ணைப் படித்தவர்... எழும்பூர் மியூசியத்தில் காத்திருக்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு, கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் தலை சாய்ச்சுத் தூங்கிக்கிட்டே ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுறவரா நீங்க? அப்போ வாரம் ஆறு நாள் ஒரு பழைய கடலைக் கடந்துதான் ரூமுக்குப் போறீங்க. இந்த ஊரைச் சுத்தின பாறை அடுக்குகள்ல இலைகளோட அச்சும், கடல்ல வாழ்ந்த அம்மோனைட் மாதிரி உயிர்களோட அச்சும் கிடைச்சிருக்கு. வயது பத்துக் கோடி வருஷத்துக்கும் மேல. டைனோசர் காலம்! புவியியல் புத்தகங்கள்ல அந்த அடுக்குக்குப் பெயரே ஸ்ரீபெரும்புதூர்தான்.

கார் கம்பெனியும் டோல்கேட்டும் இல்லாத காலத்துல இந்தப் பக்கமெல்லாம் நடந்து, மண்ணையும் பாறையையும் வரைபடமாக்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து மெட்ராஸுக்கு வந்தபோது வயது 24. நம்மில் பலர் முதல் வேலைக்கு பேக் மாட்டிக்கிட்டுக் கிளம்புற வயசு.

அவருக்குச் சம்பளம் கொடுத்தது பாறைகளுக்காக. பேரைக் காப்பாற்றியது, வேலைக்கு நடுவே பொறுக்கிய கற்கள்.

1863, மே 30. பல்லாவரத்துல ராணுவ மைதானத்துப் பக்கம் சரளை வெட்டிப்போட்ட ஒரு குழி. வெட்டி வீசிய கல்லுக்குள்ள ஒண்ணு மட்டும் அவர் கண்ணை உறுத்துச்சு. ஆத்துல உருண்ட கல் வழவழன்னு இருக்கும். தானா உடைஞ்ச கல் கோணல்மாணலா இருக்கும். இது அப்படியில்ல. ரெண்டு பக்கமும் சில்லு சில்லாத் தட்டி, ஓரத்தைக் கூராக்கி, கைக்கு அடங்குற மாதிரி யாரோ செஞ்சது. கைக்கோடாரி!

இதோட கனம் புரியணும்னா அந்தக் காலத்துக்குப் போகணும். ஆதிமனிதன் பழைய கற்காலத்தில் வாழ்ந்தான் என்பதையே ஐரோப்பிய அறிஞர்கள் 1859 வாக்கில்தான் ஒப்புக்கொள்ள ஆரம்பிச்சிருந்தாங்க. இந்தியாவில் அப்படி ஒரு காலம் இருந்ததுக்குக் கையில் ஆதாரம் கிடையாது. ஒரே ஒரு கல்லை வச்சு என்ன சொல்ல முடியும்?

அதே வருஷம் செப்டம்பர்ல, சக புவியியலாளர் வில்லியம் கிங்கோட சேர்ந்து இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். கொசஸ்தலை ஆற்றுப் பகுதி. அங்கே ஒண்ணு இல்ல, நிறையக் கருவிகள். அதுவும் மண்ணடுக்குக்குள்ளேயே! சந்தேகம் தீர்ந்தது. அப்போ ஃபூட்டுக்கு 29 வயசு. (இந்த வரியை டைப் பண்ணும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. நம்ம வயசுங்க!)

அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு பின்னாளில் அகழாய்வு செஞ்சு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷ வயது இருக்கும்னு 2011-ல் அறிவிச்சது. ஃபூட் கனவிலும் நினைச்சிருக்க மாட்டார்.

இவரோட மாமனாரையும் சொல்லாம விட முடியாது. தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செஞ்சவருமான பீட்டர் பெர்சிவல்தான் அவர். மாமனார் பழமொழி பொறுக்க, மருமகன் கல் பொறுக்க... நல்ல குடும்பம்!

1891-ல் ஃபூட் ஓய்வு பெற்றார். பேருக்குத்தான் ஓய்வு. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு. தென்னிந்தியா முழுக்க நூற்றுக்கணக்கான இடங்கள்ல சேர்த்த கல் கருவிகள், பானை ஓடுகள், மணிகள் எல்லாத்துக்கும் எது எந்த ஊர்ல கிடைச்சதுன்னு குறிப்பு வச்சிருந்தார். அதுதான் முக்கியம். ஊர் தெரியாத கைக்கோடாரி வெறும் அழகான கல். ஊர் தெரிஞ்சா, அங்கே யார் வாழ்ந்தாங்கன்னு தேடிப்போகலாம்.

அந்தப் பெரிய தொகுப்பைக் கப்பல் ஏத்தியிருந்தா நாம விசா வாங்கிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். 1904-ல் மெட்ராஸ் அரசு மியூசியமே அதை விலைக்கு வாங்கிடுச்சு. அதுக்கான விரிவான பட்டியல் நூல்கள் 1914, 1916-ல் அச்சாகி வந்தன. பார்க்க அவர் இல்லை. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்துபோனார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கு.

இன்னிக்குப் பல்லாவரம் முழுக்க வீடும் கடையும். நம்ம பக்கமும் ரோட்டுக்கும் ஷெட்டுக்கும் தினம் மண் வெட்டுறாங்க. அந்த லாரிகள்ல என்னென்ன போகுதுன்னு நின்னு பார்க்க ஒரு ஃபூட் இல்ல.

வீக் ஆஃப் கிடைச்சா எழும்பூர் போங்க. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, ஞாபகம் வச்சுக்கோங்க. திமிங்கல எலும்புக்கூட்டுக்கும் சோழர் கால நடராஜருக்கும் எப்பவும் கூட்டம் இருக்கும். அதைப் பார்த்துட்டு, தொல்பழங்காலக் கருவிகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு வாங்க. சாயங்காலம் நேரம் மிஞ்சினா கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துல ஒரு ஷோ பார்க்கலாம். இருட்டுல நட்சத்திரம் சுத்த ஆரம்பிக்கும்போது, காலையில பார்த்த அந்தக் கல்லைத் தட்டிச் செஞ்சவரும் ராத்திரியில இதே வானத்தைத்தான் பார்த்திருப்பார்னு தோணும். அவருக்கு ஏசி மட்டும் இல்ல.