இமாம் ஷாபியீ

மறைநூல் ஒன்றைப் பெறுதல் வேறு; அதன் பொருளைத் துணிதல் வேறு. ஒரே நூலைப் போற்றும் மக்கள் ஊருக்கொரு பொருள் கூறத் தொடங்குவராயின், அந்நூலால் விளைந்த ஒற்றுமை அதனாலேயே சிதையும். இஸ்லாத்தின் இரண்டாம் நூற்றாண்டில் இத்தகைய இடர் நேர்ந்தது. மதீனத்தார் தம் நகரின் வழிவழி வழக்கத்தையும், ஈராக்கிலுள்ள கூபா நகரத்தார் தம் ஆசிரியர்களின் ஆராய்ச்சியையும் பெரிதெனக் கொண்டனர். நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் பற்றி வழங்கிய ஹதீஸ்களை அறவே தள்ளி, குர்ஆன் ஒன்றே போதுமென்று வாதித்தோரும் சிலர் இருந்தனர். இக்குழப்பத்தினிடையே தோன்றி, மறைக்கும் நபிமொழிக்குமுள்ள தொடர்பினை ஒழுங்குபெற வகுத்தவர் இமாம் ஷாபியீ. அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைவாம்.

முகம்மது இப்னு இத்ரீஸ் என்பது அவருடைய பெயர். ஷாபியீ என்பது அவர் மூதாதை ஒருவர் பெயரால் வந்தது. 767-ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 150-இல், பாலஸ்தீனத்துக் காஸா நகரிற் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கொள்கை. கூபாவின் பேராசிரியராகிய இமாம் அபூஹனீபா காலமானதும் அவ்வாண்டிலேயே. நபிகளாரின் குறைஷி குலத்திற் பிறந்தவராயினும் செல்வம் அவர் வீட்டில் இல்லை. தந்தையார் இளமையிலேயே இறந்தமையால், தாயார் குழந்தையை எடுத்துக்கொண்டு மக்கமாநகர் சேர்ந்தார். எழுதக் காகிதம் வாங்க வகையின்றிச் சிறுவர் எலும்புகளிலும், அரசாங்க அலுவலகத்தார் எழுதிக் கழித்த தாள்களின் பின்புறத்திலும் பாடங்களை எழுதிக்கொண்டார் என்பர். ஏழு வயதிற் குர்ஆன் முழுவதையும் மனப்பாடஞ் செய்தார் என்றும் கூறுவர். பின்னர்ப் பாலைநிலத்து ஹுதைல் குலத்தாரோடு வாழ்ந்து, கலப்பற்ற அரபுமொழியையும் செய்யுளையும் கற்றார். மறையின் மொழியை அறியாதான் மறைக்குப் பொருள் கூறத் தகான் என்று பிற்காலத்தில் அவர் வற்புறுத்தியதற்கு இப்பயிற்சியே அடிப்படையாயிற்று.

மக்கத்தில் கற்கவேண்டுவன கற்றபின், மதீனா சென்று இமாம் மாலிக்கிடம் மாணவராயமர்ந்தார். மாலிக் 795-இல் காலமானார். வறுமை நெருக்கவே, ஷாபியீ யமன் தேசத்தில் அரசாங்க உத்தியோகம் ஒன்றை ஏற்றார். அங்கே பெருந்துன்பம் ஒன்று அவரை வந்தடைந்தது. அலீயின் வழியினருக்காக அரசை எதிர்ப்பவர் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, பிறரோடு ரக்கா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கலீபா ஹாரூன் அல்-ரஷீதின் முன் நிறுத்தப்பெற்றார். உயிர் போவதற்கும் இடமிருந்த அவ்வேளையில், தம் நாவன்மையாலும், அபூஹனீபாவின் மாணவராகிய முகம்மது அல்-ஷைபானீ பரிந்துரைத்தமையாலும் விடுதலை பெற்றார் என வரலாறு கூறும். உத்தியோகம் போயிற்று, கல்வி மீண்டது. அந்த ஷைபானீயிடமே ஈராக்கியரின் நூல்களைக் கற்றார். கற்றவிடத்தும், தமக்குச் சரியெனத் தோன்றாதவற்றை மறுத்து வாதிட அவர் தயங்கினாரல்லர். இங்ஙனம் இரு பெரும் பள்ளிகளின் வன்மையும் மென்மையும் ஒருவரிடத்தே தெளிவாயின.

அவர் கண்ட முறை யாது? குர்ஆன் தொழுகையை விதிக்கின்றது. ஆனால் வைகறைத் தொழுகைக்கு இரண்டு ரக்அத்து, நண்பகலுக்கு நான்கு, அந்திக்கு மூன்று என்னும் கணக்கு அதிற் காணப்படாது. ஜகாத்து கொடுக்கச் சொல்கின்றது. 200 திர்ஹம் வெள்ளியுடையான் 5 திர்ஹம் ஈதல் வேண்டும் என்பது நபிமொழியால் அறியப்படுவது. நபிமொழியை முற்றும் விலக்குவோன், தான் நாள்தோறும் தொழும் தொழுகைக்கே வடிவம் காணமாட்டான் அன்றோ!

இன்னும் நுட்பமானதோர் உதாரணம் காண்க. மரணத்தறுவாயில் இருப்பவன் பெற்றோர்க்கும் சுற்றத்தார்க்கும் மரணசாசனம் செய்க என்று ஒரு வசனம் கூறும். பெற்றோர் முதலியோர்க்கு இன்ன இன்ன பாகம் உரியது என்று வேறொரு வசனம் வரையறுக்கும். இரண்டும் ஒருங்கே நிற்குமா, பின்னது முன்னதை நீக்கியதா என்பதை வசனங்களை மட்டும் கொண்டு துணிதல் அரிது. வாரிசுதாரனுக்குச் சாசனம் இல்லை என்னும் நபிகளாரின் தீர்ப்பே அதனைத் தெளிவித்தது என ஷாபியீ காட்டினார். குர்ஆனில் வேதத்தோடு சேர்த்துக் கூறப்படும் ஞானம் என்பது நபிகளாரின் நெறியாகிய சுன்னத்தையே குறிக்கும் என்பதும் அவர் துணிபு. ஆயினும் சுன்னத்து மறையை விளக்குமேயன்றி மறையை நீக்கவல்லதன்று என்றும் வரம்பிட்டார்.

நிற்க. ஒருவர் மட்டும் அறிவித்த செய்தியை நம்பலாமோ என்று எதிரிகள் வினவினர். அதற்கு அவர் காட்டிய சான்று இனிமையுடையது. மதீனாவை அடுத்த குபாவில் மக்கள் ஜெரூசலத்தை நோக்கித் தொழுதுகொண்டிருக்கையில், திசை மாற்றப்பட்டதென ஒருவர் வந்து அறிவித்தார். அவர் ஒருவர் சொல்லைக் கேட்டே அனைவரும் மக்கத்தின் பக்கம் திரும்பினர். ஆயினும் வந்த செய்தி யாவும் கொள்ளத்தக்கதன்று. அறிவிப்போன் ஒழுக்கமும் வாய்மையும் நினைவாற்றலும் உடையனாய், தான் உரைப்பதன் பொருளை உணர்ந்தவனாய் இருத்தல் வேண்டும். அறிவித்தோர் வரிசை நபிகள்வரை அறாது செல்லுதலும் வேண்டும். இவ்விதிகளையும், அறிஞரின் ஒருமித்த கருத்து, ஒப்புநோக்கித் துணிதல் ஆகியவற்றின் இடத்தையும் விளக்கியதே அவர் இயற்றிய ரிஸாலா என்னும் நூல்.

810-ஆம் ஆண்டளவில் பக்தாதிற் போதித்தார். ஏறத்தாழ 814-இல் எகிப்து சென்று புஸ்தாத்து நகரில் தங்கினார். அங்கே, புகழ் நிறைந்த ஆசிரியர் செய்தற்கரிய செயல் ஒன்றைச் செய்தார். தம் ரிஸாலாவைப் புதுக்கி எழுதினார். முன்பு தாம் கூறிய தீர்ப்புகள் பலவற்றை மாற்றினார். தம் கருத்துக்கு மாறான மெய்யான நபிமொழி கிடைப்பின் தம் கருத்தைத் தள்ளிவிடுமாறு மாணவர்க்குப் பணித்தார். பிறர்க்கு விதித்த அளவுகோலைத் தமக்கும் விதித்துக்கொண்ட நேர்மை இது. 820-இல் அந்நகரிலேயே காலமானார். முகத்தம் குன்றின் அடிவாரத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். 1211-இல் அவர் அடக்கத்தலத்தின்மீது எழுப்பப்பெற்ற மாடம் கெய்ரோவின் சிறந்த கட்டடங்களுள் ஒன்று.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரையூர்களிலும், மலையாளத்திலும், இலங்கையிலும், மலாய் நாடுகளிலும் முஸ்லிம்களுள் மிகப்பலர் இன்றும் ஷாபியீ நெறியினரே. எலும்பில் எழுதிப் படித்த தந்தையற்ற சிறுவரின் முறை கடல்கடந்து இத்துணைத் தொலைவு பரவியது. ஒரு நூலை விளக்கப் புகுவோன் அதன் மொழியைக் கற்கவேண்டும். கேட்ட செய்தியை ஆராயவேண்டும். தன் பிழையைக் கண்டவிடத்துத் திருத்தவும் நாணலாகாது. இம்மூன்றும் எத்துறை மாணாக்கர்க்கும் பொருந்துவனவாம்.