வாரேன் என்றால் வருவேனா? - கால்டுவெல்லும் நம் வினைச்சொற்களும்

நியூ ஜெர்ஸியில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் நிலை வகுப்பு எடுக்கிறேன். நான் தமிழாசிரியன் இல்லை. பொறியியலில் எம்.எஸ். முடித்துவிட்டுக் கணினியில் நிரல் எழுதிப் பிழைப்பவன். ஆள் கிடைக்காததால் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு நாள், நேற்று வந்த பையன் என்பதை ஆங்கிலத்தில் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர், 'பையன் யார் நேற்று வந்தான்' என்று எழுதியிருந்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. தப்பு என்றேன். ஏன் தப்பு என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், பிறந்ததிலிருந்து பேசும் மொழியைப் பற்றி ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அதே வாரம் அலுவலகத்தில் இன்னொன்று நடந்தது. பக்கத்து க்யூபிகிள் நண்பர் தெலுங்குக்காரர். சென்னையில் சில வருடம் இருந்தவர் என்பதால் ஆசையாகத் தமிழ் பேசுவார். ஊரிலிருந்து அம்மா வந்தது என்றார். அம்மாவை 'அது' என்கிறாரே என்று மனசுக்குள் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, எங்கள் ஊரிலும் அம்மா வந்துச்சு என்றுதானே சொல்வோம்! தெலுங்கிலோ அது பேச்சு வழக்குச் சலுகை கூட இல்லை. ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினைவிகுதிதான், ஆணுக்குத் தனி. நண்பர் தன் மொழியின் இலக்கணத்தைத் தமிழுக்குள் சரியாகத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்த புத்தகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். டெக்ஸாஸில் படித்த காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் ஏதோ தேடப்போய்க் கையில் தட்டுப்பட்டது, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். எழுதியவர் ராபர்ட் கால்டுவெல். அப்போது நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். அவருடைய பெயர் எனக்கு வேறொரு விதத்தில் பழக்கமானது, அதைப் பிறகு சொல்கிறேன். இந்த முறை முழுசாகப் படித்தேன், ஆளைப் பற்றியும் தேடிப் படித்தேன்.

கால்டுவெல் பிறந்தது 1814 மே 7ஆம் தேதி, அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதியில்லாதவர்கள். பத்து வயதில் குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போயிற்று. பதினாறு வயதில் பையனை டப்ளினில் அண்ணனிடம் அனுப்பி ஓவியம் படிக்க வைத்தார்கள். ஓவியராகியிருக்க வேண்டியவர் சமயப் பணிக்கு மனம் திரும்பி, லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகளில்தான் மொழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் ருசி அவருக்கு ஏற்பட்டது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்ற செய்தி ஐரோப்பாவைப் பரபரப்பாக்கிக் கொண்டிருந்த காலம் அது.

பட்டம் வாங்கிய கையோடு கப்பல் ஏறி 1838 ஜனவரி 8ஆம் தேதி சென்னையில் இறங்கினார். அதே கப்பலில் வந்த இன்னொருவர் சி.பி. பிரவுன், இன்றைக்கும் தெலுங்கு அகராதி என்றால் ஆந்திராவில் நினைவுகூரப்படுபவர். இந்தியாவின் கரையைப் பார்ப்பதற்கு முன்பே கால்டுவெல்லுக்கு நல்ல துணை வாய்த்துவிட்டது. சென்னையில் மூன்று வருடத்துக்கு மேல் தமிழ் படித்தார். பிறகு சங்கம் மாறி, ஆங்கிலிகன் திருச்சபையின் எஸ்.பி.ஜி.யில் சேர்ந்தார். 1841இல் தெற்கே புறப்பட்டவர் வண்டியோ பல்லக்கோ வைத்துக் கொள்ளாமல் நடந்தே போனார். காவிரிக் கரை ஊர்கள், நீலகிரி, மதுரை என்று சுற்றி, அந்த வருடக் கடைசியில் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். செம்மண் தேரியும் பனங்காடும்தான் ஊர். அங்கேதான் ஏறக்குறைய ஐம்பது வருடம்.

1844இல் எலிசாவைத் திருமணம் செய்து கொண்டார். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். அந்த அம்மாளுக்குத் தமிழ் படித்து வந்ததல்ல, சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்து வந்தது. இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னல் கற்றுக் கொடுத்தார். புத்தக அட்டையில் கணவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் இப்படி ஒருவர் இருந்தது இலக்கணம் எழுதுகிறவருக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

உடல்நலம் கெட்டு 1854இல் தாய்நாடு திரும்பியிருந்த சமயத்தில், 1856இல் லண்டனில் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அடுத்த வருடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பத்தொன்பது ஆண்டு கழித்து 1875இல், நிறையச் சேர்த்தும் திருத்தியும் இரண்டாம் பதிப்பு. அதில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்ற ஆறோடு தோடா, கோத்தா, கோண்டு, கந்து, ஒராவோன், ராஜ்மகால் என்ற ஆறையும் சேர்த்துப் பன்னிரண்டு மொழிகள்.

சரி, அப்படி என்ன கண்டுபிடித்தார்? சொற்கள் ஒத்துப் போவது யாருக்கும் தெரியும். தமிழில் பால் என்றால் கன்னடத்தில் ஹாலு, பல் என்றால் ஹல்லு. ஆனால் சொல் கடன் வாங்கக் கூடிய சரக்கு. நாம் பஸ், ரயில் என்று வாங்கவில்லையா? ஒரு மொழி எந்தக் குடும்பம் என்று தெரிய, அது சுலபத்தில் கடன் வாங்காததைப் பார்க்க வேண்டும். வேற்றுமை உருபு, பிரதிப் பெயர், எண்ணுப் பெயர், வினை முடியும் விதம் இவைதான் அவை. கால்டுவெல் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பன்னிரண்டு மொழியிலும் வரிசையாக வைத்துக் காட்டுகிறார்.

பெயரடையை எடுத்துக் கொள்வோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். அங்கே வீடு பெண்பால் என்பதால் வெள்ளை என்ற சொல் 'பிளாங்கா' ஆகும், புத்தகம் ஆண்பால் என்பதால் 'பிளாங்கோ' ஆகும். சமஸ்கிருதத்திலும் பெயரடை பெயரோடு சேர்ந்து பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் மாறும். தமிழிலோ நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகளுக்கு. 'நல்ல' அசையவே இல்லை. உயர்ந்த, மிக உயர்ந்த என்பதற்கு ஆங்கிலம் போல் விகுதி ஒட்டுவதும் கிடையாது, அண்ணனைவிட உயரம் என்று சொல்லிவிடுகிறோம்.

வினைக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். 'யார்', 'எது' என்று தொடர்பு காட்டும் சொல்லை நடுவில் போட்டு இரண்டு வாக்கியத்தை ஒட்டும் வழக்கம் நம் குடும்பத்துக்கு இயல்பில்லை. வினையையே எச்சமாக்கிப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறோம். வந்த பையன், படித்த புத்தகம், தூங்கிய இடம். வினை இங்கே பெயரடையின் வேலையைப் பார்க்கிறது. என் மகள் ஏன் தப்பு என்று கேட்டதற்கு இதுதான் பதில். அதே மாதிரி, எழுந்து குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினான் என்று எத்தனை வினையை வேண்டுமானாலும் வினையெச்சமாக அடுக்கலாம், நடுவில் 'மற்றும்' வேண்டாம். நம்மையும் கேட்பவரையும் சேர்த்து 'நாம்', கேட்பவரை விட்டு 'நாங்கள்'. தெலுங்கில் இதே வேறுபாடு மனமு, மேமு.

எனக்கு மிகவும் பிடித்தது எதிர்மறை. இல்லை என்ற பொருளை வினைக்குள்ளேயே வைத்துக் கொள்ளும் மொழிகள் இவை. செய்வேன் என்பதில் செய், வ், ஏன் என்று மூன்று துண்டு. நடுவிலிருக்கும் கால எழுத்தை எடுத்துவிட்டால் செய்யேன், அதாவது செய்ய மாட்டேன். நிரல் எழுதுகிறவனுக்கு இது புரியும். ஓர் இடம் காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான். இதே கணக்கில் பழந்தமிழில் வாரேன் என்றால் வரமாட்டேன். ஆனால் கால்டுவெல் வாழ்ந்த திருநெல்வேலிச் சீமையின் பேச்சில் வாரேன் என்றால் வருகிறேன். ஏட்டில் ஒன்று, தெருவில் அதற்கு நேர் எதிர்!

நிற்க. எல்லாப் புகழையும் அவருக்கே கொடுத்துவிட முடியாது. நாற்பது வருடம் முன்பே, 1816இல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவையல்ல, தமக்குள் ஒரே குடும்பம் என்று காட்டிவிட்டார். கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாக அது அச்சாகியிருக்கிறது. மூன்றே வருடத்தில் எல்லிஸ் இறந்து போனார், விஷயம் மூலையில் கிடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் எல்லிஸுக்கு உரிய இடம் பலருக்கும் தெரிய வந்தது. அதைப் போலவே, திராவிட மொழிகள் ஃபின்னிஷ், துருக்கி போன்றவற்றோடு உறவு என்று கால்டுவெல் நம்பிய 'சிதிய' உறவுக் கொள்கையும் பிற்கால ஆய்வில் நிலைக்கவில்லை. குடும்பத்துக்குள் அவர் போட்ட கோடுகள் பெரும்பாலும் நின்றன, வெளியே நீட்டிய கோடு நிற்கவில்லை.

இனி, முன்பு சொன்ன அந்த வேறு விதம். என் அம்மா வழித் தாத்தாவுக்குத் திசையன்விளைப் பக்கம். பனையேறிக் குடும்பம், அவர் காலத்தில் படித்து ஆசிரியரானார்கள். வீட்டில் கால்டுவெல் பெயரை எடுத்தால் தாத்தா முகம் சுருங்கிவிடும். காரணம் 1849இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சாணார்கள் என்ற சிறு நூல். தாம் யாருக்கு நடுவில் வாழ்ந்தாரோ அவர்களையே அறிவில் குறைந்தவர்கள், பேய் வணங்கிகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று இங்கிலாந்து வாசகர்களுக்கு எழுதினார். மிஷன் பணிக்கு அங்கே ஆதரவு திரட்டுவது நோக்கம். அந்தப் புத்தகம் கடல் தாண்டித் திரும்பி வந்து, அவர் நடத்திய பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்றவர்கள் கையில் விழுந்தது. பெரிய கொந்தளிப்பு. சட்டாம்பிள்ளை என்றழைக்கப்பட்ட அருமைநாயகம் மறுத்து எழுதினார், மிஷனிலிருந்து பிரிந்து 1857இல் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அதற்கு இந்த நூலும் ஒரு காரணம்.

ஒப்பிலக்கணத்தைப் படிக்கும்போது எனக்கு இதுதான் உறுத்திக் கொண்டே இருந்தது. காட்டில் வாழும் மக்கள் பேசும் மொழியின் விகுதியையும் கிரேக்கத்துக்கு இணையான மரியாதையோடு எடுத்து எழுதிய அதே கை, அடுத்த தெருக்காரரை அப்படி எழுதியிருக்கிறது. மொழியைப் பற்றி எழுதும்போது முதலில் கேட்டுக் கொண்டார். மனிதர்களைப் பற்றி எழுதும்போது முடிவோடு போனார் என்று தோன்றுகிறது. எழுதியதைப் படிக்கும் நிலைக்கு அவர்கள் வருவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். வர வைத்ததும் அவர் பள்ளிகள்தான். தாத்தா படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். அவர் அதை மறுத்ததில்லை, அதற்காக மன்னித்ததும் இல்லை.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இடையன்குடியில் தெருக்களை ஒழுங்கு செய்தார், கிணறு வெட்டினார். 1847இல் ஆரம்பித்த தேவாலயம் முடிய 1880 ஆயிற்று. ஜன்னல் வளைவுகளுக்கு அவரே களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்தாராம், டப்ளினில் படித்த ஓவியம் அங்கே உதவியது. 1877இல் கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழம்பொருள்கள் தேடினார். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். 1891 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டு வந்து, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மருமகன் வயட்டும் ராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்த 1913ஆம் வருட மூன்றாம் பதிப்பில் மூலத்தின் சில பகுதிகள் விடப்பட்டன. நெடுங்காலம் மறு அச்சானது அதுதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலை, 2010இல் தபால்தலை. இந்த வேலை நம் அமெரிக்காவிலும் தொடர்ந்தது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த எமெனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடா, கோத்தா மொழிகளைக் கேட்டு எழுதினார். பரோவுடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்.

போன ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் 'வந்த பையன்' என்று எழுதி, நம் மொழியில் வினையே அடையாக முன்னால் வந்துவிடும், 'யார்' தேவையில்லை என்று விளக்கினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியம் எழுதினார்கள். என் மகள், தாத்தாவுக்குப் பிடிக்காத கால்டுவெல் என்று எழுதிக் கொண்டு வந்து நீட்டினாள். வீட்டில் நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். இலக்கணப்படி பிழையே இல்லை. மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவளை இடையன்குடிக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன், திசையன்விளைக்கும்.