கொலம்பியாவில் படித்துவிட்டு கல்லுப்பட்டிக்கு வந்த ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் உட்கார்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கீங்களா? உங்க ஊர்ல இருந்து மேற்கே போய், விருதுநகரைத் தாண்டினா தே.கல்லுப்பட்டி. அதே கரிசல், அதே மானாவாரி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்த ஒருத்தர் தன் கடைசி வருஷங்களைக் கழித்தார்.

1892 ஜனவரி 4, தஞ்சாவூரில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் கம்பெனி நடத்தினார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம். 1927-ல் அமெரிக்கா போனபோது வயசு 35. அண்ணன் அங்கே இருந்தார். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர், பொழுதை ஏன் வீணாக்கணும் என்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். 1928-ல் வணிக நிர்வாகத்தில் பட்டம். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா.

இவ்வளவு சுலபமா?

கல்லூரிக் கதவு அன்று இவ்வளவு நெருக்கடியாக இல்லை. நாட்டின் கதவுதான் இறுக்கம். 1917 சட்டப்படி இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேற முடியாது. 1923-ல் இந்தியருக்குக் குடியுரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவருக்கு மட்டும் விதிவிலக்கு: வா, படி, திரும்பிப் போ. இன்றைக்கு நிலைமை வேறு. கொலம்பியாவின் இளநிலைப் படிப்புக்கு 100 பேர் விண்ணப்பித்தால் சுமார் 4 பேருக்குத்தான் இடம். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், அதையும் கணக்கில் வைத்துத்தான் இடம் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

கொலம்பியாவில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் செலிக்மன், பொது நிதித்துறையில் பெரிய புள்ளி. அம்பேத்கருக்கும் அவர்தான் ஆசிரியர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று குமரப்பா ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வர, செலிக்மன் கண்ணில் பட்டது. ஆய்வுக்கு அதையே எடு, அரசின் வரவு செலவு வழியாகப் பார் என்றார். (எஸ்ஓபி எழுதத் தலைப்பு தேடுறவங்க கவனிக்க: இவருக்குத் தலைப்பே உள்ளே போன பிறகுதான் கிடைச்சது!)

ஆடிட்டர் புத்தி அங்கேதான் வேலை செய்தது. விவசாயியிடம் நிலவரி வாங்கும் அரசு அந்தப் பணத்தை எங்கே கொட்டுகிறது என்று ஏட்டைப் புரட்டினார். ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகள் சம்பளத்துக்கும் போனது போக, ஜனங்களுக்கு மிஞ்சியது கொஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சி மேல் மரியாதையோடு கப்பலேறியவருக்கு அந்த மரியாதை போய்விட்டது.

இந்தியா திரும்பியதும், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். ஆய்வைப் புத்தகமாகப் போட ஆள் தேடியபோது, காந்தியைப் பாருங்கள் என்றார்கள். 1929 மே 9, சபர்மதி. சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டார். மரத்தடியில் ஒரு பெரியவர் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ராட்டை நூற்றுக்கொண்டிருந்தார். இவர் கைத்தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்தான் காந்தி. பட்டுக் கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. காந்தி அடுத்த வேலையும் கொடுத்தார்: குஜராத்தில் மாதர் தாலுகாவின் பொருளாதாரத்தை ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பது. குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் முடித்தார். என்னைக் கேட்டால், கொலம்பியா ஆய்வைவிட இதுதான் பெரிய வேலை. அங்கே பார்த்தது அரசாங்கத்தின் ஏடு. இங்கே பார்த்தது வீட்டு அடுப்படி.

பிறகு சிறை, 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், மறுபடி சிறை. 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய அவரது புகழ்பெற்ற ஆங்கில நூல் சிறையில் எழுதியதுதான். நிலக்கரி, எண்ணெய் மாதிரி எடுக்க எடுக்கத் தீரும் பொருளை நம்பிய பொருளாதாரம் சண்டையில்தான் முடியும் என்பது அவர் வாதம். அமெரிக்காவிலிருந்து எம்.ஏ.வோடு வந்தவருக்கு, கிராமத் தொழில்களின் டாக்டர் என்று காந்தியே செல்லமாகப் பட்டம் கொடுத்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் பெரிய தொழிற்சாலைகள், ரசாயன உரம் என்று அரசு போன பாதை அவருக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே திட்டினார். டெல்லியில் கேட்பார் இல்லை. உடம்பும் கெட்டது, ரத்த அழுத்தம். 1950-களில் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், சென்னை மருத்துவமனையில் காலமானார். வயது 68.