நாகையிலிருந்து மயிலைக்கு: அர்ச். சவேரியார் நடந்த கரைவழி

ஆகஸ்டு மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்த பக்தர்கள் கூட்டங் கூட்டமாய் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதைக் காணாதவர் நம்மில் இரார். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கால் நோக நடக்கிறார்கள். இதே கரையில், இவர்களுக்கு எதிர்த்திசையாக, நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்கு அர்ச். பிரான்சிஸ் சவேரியார் 1545-ம் வருஷம் நடந்து போனதை அநேகர் அறியார்கள். அவரை முத்துக்குளித்துறைக்கும் கோவாவுக்கும் மட்டுமே உரியவராக எண்ணிவிட்டோம்.

அவர் நாகப்பட்டினம் வந்த காரணம் துக்கமானது. 1544-ல் மன்னாரில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஏறக்குறைய 600 பேர், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். சவேரியார் போர்த்துக்கேய கவர்னரிடம் முறையிட்டார். அரசனைத் தண்டிக்க ஒரு படை நாகப்பட்டினத்தில் சேருவதாய் ஏற்பாடாயிற்று. இதற்குள் பேகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்கு அரசன் கையில் சிக்கிக்கொண்டது. சரக்கு திரும்பக் கிடைக்கும்வரை அவனைப் பகைக்கக் கூடாதென்று படையை நிறுத்திவிட்டார்கள். படை போகாததே நல்லதென்று இன்று நாம் சொல்லலாம். ஆனால் அது நின்றது இரக்கத்தினால் அல்ல, சரக்குக்காக! அர்ச்சியசிஷ்டவருக்கு இது எவ்வளவு கசந்திருக்கும்!

குருத்து ஞாயிறன்று, மார்ச் 29-ந் தேதி, தெற்கே தம் மக்களிடம் திரும்பக் கப்பலேறினார். எதிர்க்காற்று விடவில்லை, கப்பல் நாகப்பட்டினத்துக்கே திரும்பிற்று. பாஸ்குத் திருநாள் கழிந்து மூன்றாம் நாள், ஏப்ரல் 7-ந் தேதி, தம் தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். அன்று அவருக்கு 39 வயது நிறைந்த நாள். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களைப் போய்ப் பார்க்கும்படியும், ஊர்தோறும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஏற்படுத்தும்படியும் அதில் கேட்டுக்கொண்டார். தாம் தமிழ்நாட்டிலேயே இருப்பதா, கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா என்ற கேள்வி அவர் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. விடை கேட்க, அர்ச். தோமையாரின் கல்லறையை நாடி வடக்கே நடந்தார்.

அந்த வழியில் ஒரு நாள் நடையை நாமும் நடந்து பார்க்கலாம். காரைக்காலிலிருந்து பூம்புகார் கரையோரமாய் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டால்தான் சரி. அலை நனைத்துப் போன ஈரமணல் கெட்டியாயிருக்கும், கால் புதையாது. பத்து மணிக்குமேல் உலர்ந்த மணலில் காலை வைக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே முகத்துவாரம்தோறும் தோணிக்காரரைக் கூப்பிட வேண்டும். பங்குனி சித்திரையில் ஆறுகள் மெலிந்து, வாயில் மணல் அடைத்திருக்கும். நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி. இன்று அங்கே நிற்கும் டேனிஷ் கோட்டை 1620-ல் எழும்பியது. சவேரியார் காலத்தில் அது இல்லை. அப்புறம் வானகிரி, அதை அடுத்துக் காவேரி கடலில் சேருமிடம். குடகிலிருந்து அவ்வளவு பெரிதாய் வந்த ஆறு, தண்ணீரையெல்லாம் கொள்ளிடத்துக்கும் வயல்களுக்கும் கொடுத்துவிட்டு, இங்கே வாய்க்கால்போல் ஒடுங்கி நிற்கிறது.

இதுதான் சோழரின் காவேரிப்பூம்பட்டினம். பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கத் தொடங்கியதும் இவ்வூரிலிருந்துதான். சவேரியார் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தப் பட்டினம் அழிந்துபோயிருந்தது. வடக்கே போகிறவருக்கு இன்னும் கொள்ளிடம் இருக்கிறது; அதற்கப்பால் மயிலை வரை வெகுதூரம்.

மயிலையில் பங்குக் குரு காஸ்பர் கொயேலியு அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். இரவில் கல்லறைக் கோயிலுக்குப் போய் நெடுநேரம் செபிப்பார். மே 8-ந் தேதி அங்கிருந்து எழுதிய கடிதத்தில், கீழ்த்திசைக்குப் போகத் தீர்மானித்துவிட்டதைத் தெரிவித்தார். ஏறக்குறைய நான்கு மாதம் தங்கிக் கப்பலேறி, செப்டம்பரில் மலாக்கா சேர்ந்தார். முத்துக்குளித்துறை மக்கள் அவரை மறுபடி கண்டது 1548-ல்தான்.