தரையில் போர் நடத்திய எழுத்தாளர்

எச். ஜி. வெல்ஸ் என்றதும் உங்களில் பலருக்குக் கால இயந்திரமும் செவ்வாய்க் கோளிலிருந்து வந்திறங்கும் படையும் நினைவுக்கு வரலாம். எனக்கு அவர் வேறொரு வழியாக அறிமுகமானார். கட்டைவிரலில் பாதி உயரமே உள்ள போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. அதன் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிப் போனால், 1913இல் வெளிவந்த ஒரு சிறிய புத்தகத்தில் போய் நிற்போம். 'லிட்டில் வார்ஸ்' என்பது அதன் பெயர். எழுதியவர் வெல்ஸ்.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். மேசைமீது ஆடும் போர் விளையாட்டுகளில் 'ஸ்கர்மிஷ்' என்று ஒரு வகை உண்டு. அதில் பெரும் படைகள் கிடையாது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் இருந்தாலே அதிகம். அதனால் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மைமீது முதலில் 'பிரைமர்' என்ற பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில் தெளிப்புப் பூச்சு சொரசொரப்பாகிவிடும் என்பதால், மழை வரும்போல் இருந்தால் நான் டப்பாவைத் தொடுவதே இல்லை. பிறகு அடிப்படை நிறங்கள். அதன்மேல் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டால், அது உடையின் மடிப்புகளில் தேங்கி நிழலாகிவிடும். கடைசியில், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடான இடங்களில் வெளிர்நிறத்தை உரச வேண்டும். அடுத்தது 'பேஸ்' வேலை. பொம்மை நிற்கும் தட்டில் வெள்ளைப் பசை தடவி, மணல் தூவி, செயற்கைப் புல் ஒட்டி, அவன் நிற்க ஒரு நிலத்தை உண்டாக்குவது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த கட்டம்.

வெல்ஸுக்கும் நிலத்தை உண்டாக்குவதுதான் மிகவும் பிடித்திருந்தது என்று தோன்றுகிறது. ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கையில் காலூன்ற ஓர் இடம் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை.

அவர் 1866 செப்டம்பர் 21ஆம் தேதி இங்கிலாந்தின் புரோம்லியில் பிறந்தார். தந்தை பீங்கான் பாத்திரங்களும் விளையாட்டுப் பொருள்களும் விற்ற கடைக்காரர்; தொழில்முறை கிரிக்கெட் வீரரும்கூட. 1862இல் கென்ட் அணிக்காக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் வீழ்த்தியவர். தாயார் பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர். வெல்ஸுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த மகனுக்குத் தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசிப்பு அங்கே பிடித்துக்கொண்டது. 1877இல் தந்தையின் தொடை எலும்பு முறிந்தபோது நிலைமை வேறாயிற்று. கிரிக்கெட் வருமானம் நின்றது. பையன்களைத் தொழில் பழக அனுப்புவது தவிர வழியில்லை.

வெல்ஸ் துணிக்கடைக்கு அனுப்பப்பட்டார். சவுத்சீயில் இருந்த கடையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை, இரவில் மற்றப் பயிலுநர்களோடு பொது அறையில் படுக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயார் வேலை பார்த்த மாளிகைக்குப் பதினேழு மைல் நடந்தே போய், இனி அந்தக் கடையில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. மிட்ஹர்ஸ்ட் ஊர்ப் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். தேர்வுகளில் அவர் காட்டிய வேகம் 1884இல் லண்டனின் அறிவியல் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் பெற்றுத் தந்தது. வாரத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். முதலாண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர், டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி. அவ்வளவு சிறந்த தொடக்கத்துக்குப் பிறகும் 1887இல் புவியியல் தேர்வில் வெல்ஸ் தோற்றார். அதே ஆண்டு, ஆசிரியராக வேலை பார்த்த வேல்ஸ் பகுதிப் பள்ளியில் காற்பந்தாட்டத்தின்போது சிறுநீரகத்தில் பலத்த அடி. 1890இல் ஒருவழியாகப் பட்டம் பெற்றார். 1893இல் நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட, வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவது முடியாமல் போனது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எழுத்துதான்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1895 முதல் 1898 வரை நான்கே ஆண்டுகளில் 'தி டைம் மெஷின்', 'தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ', 'தி இன்விசிபிள் மேன்', 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. துணிக்கடைப் பையன் உலகப் புகழ் பெற்றார். இரண்டாம் மனைவி கேத்தரின் – வீட்டில் ஜேன் – உடன் சேண்ட்கேட் கடற்கரையூரில் சொந்த வீடு கட்டினார். 1901இல் ஜிப் என்று அழைக்கப்பட்ட மூத்தவரும், 1903இல் ஃபிராங்கும் பிறந்தனர்.

இந்த வீட்டின் தரையில்தான் என் பொழுதுபோக்கு பிறந்தது.

அந்தக் காலத்துப் பொம்மை வீரர்கள் ஈயத்தால் ஆனவர்கள். 1893இல் லண்டனின் பிரிட்டன் நிறுவனம் ஒரு புதிய உத்தியைக் கொண்டுவந்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் மட்டும் இறுகியதும் மீதியை வெளியே கொட்டிவிடுவது. உள்ளே கூடு. ஈயம் மிச்சம், விலையும் மலிவு. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மன் பொம்மைகளை அது பின்னுக்குத் தள்ளியது. அந்த வீரர்களுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். முகத்துக்கு இளஞ்சிவப்பு, கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, சிலருக்கு மீசை. அவ்வளவுதான். ஒரு கண்ணுக்காக அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாத கைகளின் வேகம் பொறாமை தருகிறது.

அதே காலத்தில் மரத்துண்டுகளைச் சுடும் சுருள்வில் பீரங்கி ஒன்றும் கடைகளில் கிடைத்தது. சேண்ட்கேட் வீட்டுக்கு வந்திருந்த நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம், ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு அதை எடுத்துப் பொம்மை வீரர்களைக் குறிபார்த்துச் சுடத் தொடங்கினார். வேடிக்கை போட்டியானது. போட்டிக்கு விதிகள் தேவைப்பட்டன. கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தரையில் அடுக்கி மலைகளாக்கினார்கள். நாளடைவில் மரக்கட்டைகளால் வீடுகள் எழுந்தன, சுண்ணக்கட்டியால் ஆறுகள் ஓடின, பலகைத் துளைகளில் செருகிய குச்சிகள் காடாயின. நாங்கள் ஒவ்வொரு பொம்மையின் காலடித் தட்டிலும் ஒட்டிவைக்கும் நிலத்தை, வெல்ஸ் அறை முழுக்கப் பரப்பிவைத்தார்.

விதிகளைப் படிக்கும்போது அவர் அறிவியல் மாணவர் என்பது தெரிகிறது. பிரஷ்யப் படை அதிகாரிகள் 1824 முதலே வரைபடமும் பகடையும் வைத்துப் போர்ப் பயிற்சி ஆட்டம் ஆடிவந்தார்கள். வெல்ஸோ பகடையைத் தொடவில்லை. பீரங்கியிலிருந்து பறந்த மரத்துண்டு எந்த வீரனை உண்மையில் சாய்க்கிறதோ அவன்தான் செத்தான். காலாள் ஒரு முறைக்கு ஓரடி நகரலாம், குதிரைவீரன் இரண்டடி. பீரங்கியை இயக்க ஆறு அங்குலத்துக்குள் நான்கு பேராவது இருக்க வேண்டும். கைகலப்பில் ஆளுக்கு ஆள் சரி. யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிடாமல் இருக்கக் கடிகாரம் வேறு: முப்பது வீரருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு மேலும் ஒரு நிமிடம். ஐம்பதை நெருங்கும் ஒரு புகழ்பெற்ற எழுத்தாளர் முழங்காலிட்டுத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். புத்தகத்தில் அவர் ஓய்வுபெற்ற தளபதியின் மிடுக்கோடு ஒரு சண்டையை வர்ணிக்கும் பகுதி இன்றும் சிரிப்பு மூட்டும்.

புத்தகத்தின் நீளமான துணைத்தலைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள எல்லாப் பையன்களுக்கும் இந்த ஆட்டம் உரியதாம். பெண்களிலோ, பையன்களின் விளையாட்டை விரும்பும் கொஞ்சம் கூடுதல் புத்தியுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தவர் எழுதியது இது. நான் கோபப்படுவதா, அனுமதிக்கு நன்றி சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் அதைவிட உறுத்திய ஒன்று உண்டு. 1901இல் வெளிவந்த 'ஆன்டிசிபேஷன்ஸ்' என்ற நூலின் இறுதியில், எதிர்கால உலகின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத கறுப்பு, பழுப்பு, மஞ்சள் நிற மக்கள் கூட்டம் ஒழிந்துபோக வேண்டியதுதான் என்று அவர் எழுதினார். பழுப்பு நிறத்தவள் ஒருத்தி அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைச் சற்று நேரம் மூடிவைப்பது இயல்பு. நான்கே ஆண்டுகளில் 'எ மாடர்ன் யுட்டோபியா'வில் இனவெறியை எதிர்த்து ஓர் அத்தியாயமே எழுதினார் என்பதும் உண்மை. 1940இல் மனித உரிமைகளுக்காக ஒரு நூல் எழுதி உலகெங்கும் அதற்காக வாதாடினார் என்பதும் உண்மை. பின்னது முன்னதை அழித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார்.

'லிட்டில் வார்ஸ்' நூலின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அங்கே விளையாட்டுக்காரர் மறைந்து வேறொருவர் பேசுகிறார். பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தால் போதும், உண்மைப் போர் எவ்வளவு குளறுபடியானது என்று புரிந்துவிடும் என்பது அவருடைய வாதம். உண்மைப் போரை விரும்புகிறவர்களையெல்லாம் ஓர் அறையில் அடைத்து, ஈய வீரர்களைக் கொடுத்து ஆடவிடலாம் என்கிறார். ஊரும் உடலும் சிதையாமல் அவர்கள் ஆசை தீரட்டும். அவர் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறு ஆண்டே, 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் வெடித்தது. வெல்ஸ் என்ன செய்தார்? போரை ஆதரித்தார். ஜெர்மன் இராணுவவாதத்தை ஒழித்தால் இனிப் போரே இருக்காது என்று நம்பிக் கட்டுரைகள் எழுதினார். போரை ஒழிக்கும் போர் என்ற பொருளில் அவர் அவற்றுக்கு வைத்த தலைப்பு உலகெங்கும் பரவியது. பின்னர் கசப்பான கேலியாகவும் ஆனது. 1903இல் ஒரு சிறுகதையில் அவர் கற்பனை செய்த இரும்புக் கவச ஊர்திகள், 1916இல் டாங்கிகளாகப் போர்முனையில் ஊர்ந்தன. சுண்ணக்கட்டி ஆறுகளை வரைந்தவர் அதே ஆண்டு பிரான்ஸ், இத்தாலி போர்முனைகளை நேரில் பார்த்தார்.

அவ்வாண்டில் வெளிவந்த 'மிஸ்டர் பிரிட்லிங் சீஸ் இட் துரூ' என்ற நாவல்தான் இந்த விஷயத்தில் அவர் தந்த நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். அதில் வரும் எழுத்தாளர் பெருமளவு வெல்ஸேதான். முதலில் போரை நம்புகிறார். பிறகு மகனைப் போரில் இழக்கிறார். முன்பு தம் வீட்டில் பாடம் சொல்லித் தந்த ஜெர்மன் இளைஞனும் இறந்துவிட்டான் என்று அறிந்ததும், அவனுடைய பெற்றோருக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். இரவு முழுக்க எழுதியும் வார்த்தைகள் சரியாக வரவில்லை. வெல்ஸின் மகன்களுக்கு அப்போது வயது பதினைந்தும் பதின்மூன்றும். போருக்குப் போகும் வயதில்லை. தரையில் தம்மோடு ஆடிய பையன்கள் இன்னும் சில ஆண்டுகள் மூத்தவர்களாக இருந்திருந்தால் என்று அவர் எண்ணாமல் இருந்திருப்பாரா?

அதன்பின் அவர் தேசங்களைத் தாண்டிய ஓர் உலக அமைப்பைப் பற்றியே பெரும்பாலும் எழுதினார். 1920இல் வந்த அவருடைய உலக வரலாற்று நூல் இருபது இலட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. சிறையிலிருந்து மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதிய ஜவஹர்லால் நேருவுக்கும் அது உதவியது. மகன் ஜிப் விலங்கியல் அறிஞரானார். தந்தையும் மகனும் ஜூலியன் ஹக்ஸ்லியும் சேர்ந்து 'தி சயின்ஸ் ஆஃப் லைஃப்' எழுதினார்கள். வெல்ஸுக்குப் பாடம் நடத்திய ஹக்ஸ்லியின் பேரன்தான் ஜூலியன். நீரிழிவு நோயாளியான வெல்ஸ் 1934இல் பிரிட்டனின் நீரிழிவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டுகள் விழுந்தபோதும் அவர் தம் வீட்டைவிட்டு நகரவில்லை. 1914இலேயே ஒரு நாவலில் 'அணுகுண்டு' என்ற பெயரை எழுதிவைத்தவர், அது ஹிரோஷிமாவில் விழுந்த செய்தியைக் கேட்கும் வரை உயிரோடிருந்தார். மறு ஆண்டு, 1946 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 79 வயதில் காலமானார்.

'லிட்டில் வார்ஸ்' நூலுக்கு முன்பு, 1911இல், 'ஃபுளோர் கேம்ஸ்' என்றொரு புத்தகமும் எழுதியிருந்தார். அது போரைப் பற்றியதன்று. தீவுகளும் நகரங்களும் கட்டி ஆடும் தரை விளையாட்டுகள் பற்றியது. கடைகளில் எங்கு பார்த்தாலும் போர்வீரர்கள்தாம், சாதாரண மனிதர்களின் பொம்மை கிடைப்பதே இல்லை என்று அதில் குறைபட்டுக்கொள்கிறார். முதல் உலகப் போருக்குப் பிறகு போலந்தில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவருக்கு அந்தப் புத்தகம் நினைவில் இருந்தது. 1920களின் இறுதியில், மனம் நொந்து பேச முடியாமலிருந்த குழந்தைகள் முன்னால் அவர் ஒரு மணல் தட்டையும் சிறு பொம்மைகள் நிறைந்த பெட்டியையும் வைத்தார். பேச வராததை அவர்கள் மணலில் அடுக்கிக் காட்டினார்கள். மணலைக் கொண்டு மனநல சிகிச்சை அளிக்கும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தப் பெட்டியில் வீடுகள் இருந்தன, மரங்கள் இருந்தன, விலங்குகள் இருந்தன, வெல்ஸ் கடை கடையாகத் தேடிய சாதாரண மனிதர்களும் இருந்தார்கள். போர்வீரர்களும் இருந்தார்கள்.